இரவல் பதிவேடு

பிரதேச சபையிலிருந்து கடிதம்:
தனிமனித முன்னேற்றத்துக்கு வாசிக்க வேண்டிய
பத்து நூல்களின் பட்டியல்,
வெள்ளிக்கு முன்.

மாங்குளத்தில் நான் நூலக உதவியாளர்.
ஏ ஒன்பதில் பஸ் ஓடினால்
என் மேசைக் கண்ணாடி அதிரும்.
முன்னேற்றத்துக்கென்று தனி றாக்கை இருக்கிறது,
அன்பளிப்பு.
அதில் ஒரு கால் கட்டை.
கோடீஸ்வரராவது பற்றிய தடித்த புத்தகமொன்றைத்தான்
முண்டு கொடுத்து வைத்திருக்கிறேன்.

ஒன்பது பெயர் எழுதியாயிற்று, கண்ணை மூடிக்கொண்டு.
பத்தாவதுக்குப் பதிவேட்டைப் புரட்டினேன்.

ஒரே புத்தகத்தை ஏழு தரம் எடுத்த ஒருத்தி:
ஜீவறஞ்சினி, கனகராயன்குளம்.
தொழில்: கண்ணிவெடி அகற்றல்.
சனிக்கிழமைகளில் வருவாள்,
முழங்காலில் ஒலுமடுச் செம்மண்ணோடு.
"அப்பிடி என்ன கிடக்கு இதில?" என்று
ஒருக்கால் கேட்டேன்.
"எல்லாம் பிழையாய்க் கிடக்கு அக்கா.
அதுதான் விட ஏலாமக் கிடக்கு."

இப்போதுதான் திறந்து பார்க்கிறேன்.

*துணிந்து பாய்* என்ற வரிக்குப் பக்கத்தில்
பென்சிலால்: பத்து சென்ரிமீற்றர். பிறகு பார்.
*தோல்விகளே படிக்கட்டுகள்.*
அதன் கீழே ஒரு கேள்விக்குறி, அவ்வளவுதான்.
*வந்த வழியைத் திரும்பிப் பார்க்காதே*
என்ற இடத்தில் ஓரம் போதாமல்
அடுத்த பக்கத்துக்கும் போயிருந்தாள்:

வந்த வழிதான் துப்புரவான வழி.
ரெண்டு பக்கமும் தடி நட்டாச்சு.
ஏதும் நடந்தால் கமலினியைத் தூக்கிக்கொண்டு
அதாலதான் வெளியில வர வேணும்.
திரும்பிப் பார்.
பார்த்துக்கொண்டே இரு.

கடைசிப் பக்கத்தில்
*உன் இலக்குகளை இங்கே எழுது* என்று
மூன்று புள்ளிக்கோடுகள்.
முதலாவதில்: லீசிங் முடிக்கிறது.
இரண்டாவதில்: மகனுக்குச் சப்பாத்து, அளவு இரண்டு.
அதை வெட்டி மூன்று.
வெட்டி ஐந்து.
மூன்றாவது கோடு வெறுமை, ஆனால்
அழிறப்பர் தேய்த்துத் தாள் மெலிந்திருந்தது.
யன்னலில் பிடித்துப் பார்த்தேன்.
ஒன்றன்மேல் ஒன்றாய் இரண்டு தடங்கள்:

இந்த நிலம் கெதியாய் முடிய வேணும்.
இந்த நிலம் கெதியாய் முடியக் கூடாது.

எதை முதலில் எழுதினாள், எதை அழித்துவிட்டு
எதை எழுதினாள், தெரியவில்லை.
நிலம் முடிந்தால் சம்பளமும் முடியும்,
அதைப் பற்றி அச்சடித்த பக்கம் எதிலும்
ஒரு சொல் இல்லை.

நூலகப் புத்தகத்தில் எழுதினால் தண்டம் நூறு ரூபா.
என் கைப்பட ஒட்டிய அறிவித்தல்தான்,
சுவரில் கிடக்கிறது.

பத்தாவது என்று போட்டு
இந்தப் பிரதியின் இலக்கத்தை மட்டும் எழுதினேன்.
வேறு பிரதி சரிவராது என்று
அடைப்புக்குள் ஒரு குறிப்பு.

அடுத்த கிழமை பதில் வந்தது:
"பத்தாம் இலக்க நூலுக்கு
ஆசிரியர் பெயர் விடுபட்டுள்ளது.
நிரப்பி அனுப்பவும்."

இன்னும் நிரப்பவில்லை.
சனிக்கிழமை வரட்டும்,
போடலாமோ என்று கேட்க வேண்டும்.