இடது கால்

பகாவ் சந்தையில் மீனுக்குத் தூவும் ஐஸ்தான்
எங்கள் ஊர் அறிந்த ஐஸ்.
அதன்மேல் நின்று ஆடுகிறேன் என்றதும்
அம்மா கேட்டாள்,
"எத்தனை கோல் அடிச்சே?"

ஒன்றுமில்லை.
நான்கு வருடத்தில் ஒன்றுகூட இல்லை.
வந்ததைத் தடுத்தேன்,
முழங்காலால், முகமூடியால்,
ஒருமுறை காய்ச்சலோடு.

பேரங்காடி பூட்டிய பின்,
இரவு பதினொன்றுக்குத்தான் தளம் கிடைக்கும்
கல்லூரிப் பெண்களுக்கு.
முதல் இரண்டு வருடம் பெஞ்ச்;
ஆட இறங்குபவர்களுக்குக் கதவு திறந்துவிடுவேன்.
பிறகு சியூ லிங்குக்குக் கணுக்கால் முறிந்தது.
சந்தோஷப்பட்டேன்.
இதையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

கடைசி ஆட்டத்தில் முப்பத்தோர் அடி.
முப்பது என் உடம்பில் பட்டுத் திரும்பின.
அந்த ஒன்று
இடது காலுக்கும் கம்பத்துக்கும் நடுவே
இன்னும் போய்க்கொண்டிருக்கிறது.

இப்போது செம்பனை ஆலையில் எடைமேடைக் கிளார்க்.
லாரி. குலை. எடை. சீட்டு.
மழை என்று இறங்க மனமில்லாமல்
டிரைவர் முனியாண்டி
சாவிக்கொத்தைச் சன்னல் வழியே வீசினார்.
மூக்குக்கு முன்னால் பிடித்தேன்,
திரையிலிருந்து கண்ணை எடுக்காமல்.

"நல்ல கை லா, தவமலர்."

"கை சரிதாண்ணே,
இடது கால்தான் கொஞ்சம் லேட்டு."

குனிந்து என் செருப்பைப் பார்த்தார்,
பாவம்.