ஆண்டைத் திருத்துதல்

ஜனவரி மூன்று. ஜெய்ஹிந்த்புரத்தில் கரண்ட் போய் வந்தது.
இன்வெர்ட்டர் சத்தம் அடங்குவதற்குள்
நானூற்றுப் பன்னிரண்டு கோப்புகளின் தலையிலும்
இருந்த ஆண்டு எதுவானாலும் அழித்து
2025 என்று எழுத
ஏழு வரி ஸ்கிரிப்ட் போதுமாயிருந்தது.

தமிழ்ச் சொற்களை அகர வரிசையில் அடுக்கும் நிரல்.
யாரும் எடுக்கலாம், மாற்றலாம், விற்கவும் செய்யலாம்;
தலையில் இருக்கும் பெயரை மட்டும்
தூக்கிப் போடக் கூடாது.
வாடகை அவ்வளவுதான்.

ஓட்டிப் பார்த்தால்
சோதனை ஒன்று சிவப்பாய்க் கத்துகிறது.
"2024 மாணவர்கள்" என்று யாரோ உதாரணத்துக்கு எழுதியதையும்
ஆண்டென்று நினைத்து
ஒரு பிள்ளையைக் கூடுதலாகச் சேர்த்திருக்கிறது.

ஒவ்வொன்றாய்த் திறக்க வேண்டியதாயிற்று.

ஆய்தத்தை எங்கே வைப்பதென்று முடிவுசெய்யும் கோப்பு:
பதிப்புரிமை 2018, க. ஒச்சம்மாள், உசிலம்பட்டி.
உயிருக்குப் பின், மெய்க்கு முன்.
ஒரு மாதம் எங்கள் எல்லோரோடும் சண்டைபோட்டு
அவள் ஜெயித்த இடம்.
அதற்குப் பிறகு அதில் ஓர் அரைப்புள்ளியைக்கூட
ஒருவரும் தொடவில்லை;
தொட வேண்டியும் வரவில்லை.

அதன் தலையிலும் 2025.
ஏழு வருஷம் அவள் செய்யாத வேலையை
அவள் கணக்கில் எழுதியிருக்கிறேன்.

தெற்கு மாசி வீதிப் பாத்திரக் கடையில்
பெயர் வெட்டுகிறவர்
குடத்தை மடியில் சாய்த்துக்கொண்டு
தேதியையும் சேர்த்து வெட்டித் தருவார்.
தை பிறந்ததும் மறுபடி தூக்கிக்கொண்டு போய்
வருஷத்தை மாற்றச் சொன்னால்
"குடம் ஒழுகுதா?" என்பார்.

மாற்றியதை மாற்றினேன். 2018.
மனசு கேட்காமல் அவளுக்கும் எழுதினேன்,
ஐந்து வருஷமாய்ப் பதில் வராத முகவரிக்கு.

காலையில் அரசரடி சிக்னலில் நிற்கும்போது போன் அதிர்ந்தது.

"வருசம் கெடக்கட்டும்ணே.
பேருக்கு முன்னாடி ஒரு எழுத்து விட்டுப்போச்சு.
பே. க. ஒச்சம்மாள்னு போடுங்க.
அம்மா பேரு பேச்சி."

பச்சை விழுந்து, பின்னால் ஷேர் ஆட்டோ ஹாரன் அடிக்கிறான்.
ஓர் எழுத்தும் ஒரு புள்ளியும் சேர்த்தால்
கோப்பு மாறியதாகுமா?
மாறினால் ஆண்டு மாற வேண்டுமா?
வக்கீலிடம் கேட்கலாம். கேட்கவில்லை.

சேர்த்தேன். ஆண்டு அப்படியே.
பங்களித்தோர் பட்டியலை எங்கள் நிரலே அடுக்குகிறது;
இரண்டாவது வரியில் இருந்தவள்
பதினோராவதுக்கு இறங்கிவிட்டாள்.
சொல்லிவிடுவது நல்லதென்று சொன்னேன்.

"சரியாத்தான் அடுக்கிருக்கு" என்றாள்.