பன்னிரண்டு இடம்

ஏழு ரோட்டில் பேரம் படிந்தபோது
மணி பத்தே கால்.
பன்னிரண்டு இடம், ஆயிரத்து எண்ணூறு,
நுழைவுச் சீட்டு உங்கள் செலவு.
முத்திருளப்பன், மனைவி செவ்வந்தி,
ஜெர்க்கினுக்குள் காணாமல் போன ஒரு சிறுமி.
கெங்குவார்பட்டியிலிருந்து விடிகாலை பஸ்.
மலைக்கு நேர் கீழே குடியிருந்தும்
ஏறி வர ஒன்பது வருடம் ஆகியிருக்கிறது.

முதல் இடத்தில் வெள்ளை.
கொஞ்சம் நில்லுங்கள், விலகும் என்றேன்.
விலகவில்லை.
இரண்டாவதில் கம்பி வேலி, அதன் பின்னால் வெள்ளை.
தூண் பாறையில் காசு கொடுத்துப் பார்த்த வெள்ளை
சற்றுக் கெட்டியாக இருந்தது.

மேகம் மறைத்ததற்குப் பணம் திருப்பித் தருகிற
வழக்கமில்லை எங்களிடம்.
அதனால் சொல்ல ஆரம்பித்தேன்:
இங்கே மூன்று பாறை, தோளோடு தோள்.
அதோ, என் விரலுக்கு நேரே, வைகை அணை.
இல்லை, இன்னும் கொஞ்சம் இடப்பக்கம்.
செவ்வந்தி என் விரலையே பார்த்தாள்.
முத்திருளப்பன் வெள்ளைக்கு முன்னால் இருவரையும் நிறுத்தி
ஒவ்வொரு இடத்திலும் ஒரு படம் எடுத்தார்.

சிறுமி கேட்டாள்:
சுத்தியும் இப்படி இருந்தா இது தீவுதானே?
ஆமாம் பாப்பா, இ-பாஸ் எடுத்து ஏறுகிற தீவு.
அப்ப கப்பல்?
ஏரியில் மிதிபடகு இருக்கு, அரை மணி நேரத்துக்கு...
அவள் அப்பா முகத்தைப் பார்த்தாள்.
அடுத்ததைக் கேட்கவில்லை.

மோயர் முனை வழியில்
ஒரு சுற்றுலாப் பேருந்தும் இன்னொரு சுற்றுலாப் பேருந்தும்
முகத்தோடு முகமாய் ஐம்பது நிமிடம்.
மக்காச்சோளம் சுடுகிறவனுக்கு மட்டும் நல்ல நாள்.
கடைசி பஸ் போய்விட்டது.

டீசல் காசு போதும் என்று நானே கீழே இறக்கினேன்.
பெருமாள்மலை, ஊத்து,
வளைவுக்கொரு ஹாரன்,
சிறுமிக்கு இரண்டு முறை வாந்தி.
டம் டம் பாறையில் முகம் கழுவ நிறுத்தியபோது
யாரும் கேட்காமல்
மேகம் தன்பாட்டுக்கு நகர்ந்தது.

அடியில் இருட்டு. இருட்டில்
பொரி சிந்தினாற்போல் விளக்குகள்.
என் பட்டியலில் இல்லாத இடம்.
அது எந்த ஊரு? என்றாள் செவ்வந்தி.
நான் வாயெடுப்பதற்குள் அவளே பிடித்துவிட்டாள்:
அது தேவதானப்பட்டி, அது பெட்ரோல் பங்க்,
அதுக்கு இந்தப் பக்கம்...
ஐயோ, மொட்டைமாடி லைட்ட அணைக்காமலே வந்திருக்கேன்.

எங்கே, எங்கே என்று சிறுமி.
செவ்வந்தி விரலை நீட்டினாள்.
இல்லடி, இன்னும் கொஞ்சம் இடப்பக்கம்.