அகலமா, உயரமா

உல்போசின் என்றால்
'ஆணாய்ப் பிறக்கட்டும்' என்று பொருளாம்.
நான்காவது பெண்ணுக்கு வைத்த பெயர்.
சொல்லிச் சிரித்தவள்
பாதியில் கழுத்தைப் பிடித்துக்கொண்டாள்.

பாவ்லோதாரில் மூன்றாம் எண் டிராம் ஓட்டுகிறாள்.
சளி பிடித்துப் பத்து நாள்.
எச்சில் விழுங்கினால்
வலி காதுவரை ஏறுகிறது.

படிவத்தில் பிறந்த ஊர்: காய்னார்.
அணுகுண்டு வெடித்துப் பார்த்த புல்வெளியின் ஓரம்.
அந்தக் கட்டத்தைப் படித்த கண்
அப்புறம் எதையும் நேராகப் பார்க்காது.
தாளை மடித்து ஊரை உள்ளே தள்ளினேன்.
விளக்கை அணைத்தேன்.

ஜெல் பட்டதும் தோள் சிலிர்த்தது.
நல்ல தைராய்டு திரையில்
சன்ன ரவை போல ஒரே சீராய் வெளுத்திருக்கும்.
இடப்பக்கம் அப்படித்தான்.
வலப்பக்கம் ஒரு கறுப்பு.

கறுப்பே, உன் விளிம்பு எங்கே?
விளிம்பில்லை.
மேசைவிரிப்பில் சிந்திய தேநீராய்
ஊறிக்கொண்டே போகிறது.
அகலமா, உயரமா?
அகலம். சுரப்பியின் சாய்வோடு படுத்திருக்கிறது.
புற்று என்றால் பெரும்பாலும் எழுந்து நிற்கும்,
அடுக்கைத் துளைத்துக்கொண்டு.
உப்புப்பொடி?
இல்லை.
நிறத்தைத் தட்டினேன்.
சுற்றிலும் ரத்தம் போய்வருகிறது,
உள்ளே ஒரு துளி சிவப்பில்லை, நீலமில்லை.

எல்லாம் அழற்சி என்றன.
அழுத்திப் பார்க்கும் படம் மட்டும்
கல் என்றது.
கோபத்தில் இறுகிய முகமும்
கொல்ல வந்தவன் முகமும்
தொட்டால் ஒன்றுபோலவே இருக்கும்.

"நாளைக்கு வண்டி எடுக்கலாமா?"
அவள் கேட்டது அவ்வளவுதான்.

ஊசி குத்தவில்லை.
ரத்தம் படியும் வேகம் எண்பதைத் தாண்டியிருந்தது,
அதை நம்பி
ஆறு வாரம் என்று எழுதினேன்.
எழுதிவிட்டு நாற்பத்திரண்டு இரவும்
அந்தக் கல்லின்மேல் தலைவைத்துப் படுத்தேன்.

இர்த்திஷ் உறைந்தே கிடந்தது
அவள் மீண்டும் வந்தபோது.
வலி இடப்பக்கம் போய்விட்டது என்றாள்.
ஆமாம், கறுப்பு நகர்ந்திருந்தது.
வலப்பக்கத்தைக் காலிசெய்து
எதிர்வீட்டில் குடியேறியிருந்தது.
புற்று இப்படி வீடு மாற்றாது.
வாய்விட்டுச் சிரித்தேன்,
என்னவென்று தெரியாமல் அவளும்.

சிரிப்பு அடங்கவில்லை,
கறுப்பு விலகிய இடத்தின் ஆழத்தில்
சின்னதாய் ஒன்று.
அகலம் ஐந்து மில்லிமீட்டர்.
உயரம் ஏழு.
உள்ளே மூன்று நான்கு வெள்ளைப் புள்ளி,
நிழல் விழாத உப்பு.

மடித்த தாளை விரித்தேனா என்று கேட்காதீர்கள்.

இந்த முறை ஊசி குத்தினார்கள்.
பெயர் சொல்லிவிட்டது.
அறுக்கலாம், அல்லது பார்த்துக்கொண்டே இருக்கலாம்
என்றார் அறுவை மருத்துவர் தானியார்.
குரல் நரம்பு பக்கத்தில்தான் போகிறது என்றும் சொன்னார்.
பார்ப்போம், என்றாள்.
தன் கழுத்தை அல்ல,
சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தபடி.
இரண்டரைக்கு அவள் வண்டி.

மார்ச்சில் ஒருநாள் மூன்றாம் எண்ணில் ஏறினேன்.
நிறுத்தங்களை அவளே சொல்கிறாள்,
பதிவுநாடா பழுதாம்.
நான் இறங்கவேண்டிய இடம் வந்தது, போனது.
ஒவ்வொரு பெயரிலும் ஒரு மெல்லிய கரகரப்பு.
அவளுடையதா,
ஒலிபெருக்கியுடையதா?
இன்னும் இரண்டு நிறுத்தம்
உட்கார்ந்து கேட்டேன்.