மெழுகுக்குக் கீழே

வார்தோவில் காற்றே பாதி உப்பு.
காட் மீன் ஓய்ந்த ஏப்ரலில்
குன்வோர் ஐந்து கத்திகளையும்
அடுப்பில் சூடுகாட்டி,
தேன்மெழுகோடு ஆளிவிதை எண்ணெய் குழைத்துப் பூசினாள்,
பிடியின் இடுக்கு வரை.
அதற்கு முன் ஒருமுறை கேட்டாள்:
"என் கத்தியை எடுத்தாயா?"
"தொடவே இல்லை" என்றான் எய்லிஃப்,
கொழுந்தன்.

சூரியன் இன்னும் திரும்பாத ஜனவரி.
துணியைப் பிரிக்கிறாள்.
நான்கும் பளிச்சென்று இருந்தன.
ஐந்தாவதில்
மெழுகு மேலே கீறலில்லாமல் கிடக்க,
அடியில்
செம்பழுப்பாய் ஒரு கட்டைவிரல்,
ரேகை ரேகையாக,
குறுக்கே பழைய தூண்டில்முள் தழும்போடு.

அவள் தேய்த்தெடுக்கவில்லை.
மேசை நடுவில் வைத்துவிட்டு
இரண்டு கோப்பைகளில் காபி ஊற்றினாள்.

வந்து உட்கார்ந்த எய்லிஃப்
வெகுநேரம் இடக்கையாலேயே குடித்தான்.