நூல் கட்டிய இலைகள்

புன்னைக்காயலில் ஆறு ஒரே வழியாகக் கடலுக்குப் போவதில்லை.
கண்டல் காட்டுக்குள் நாலைந்தாகப் பிரிந்து
எந்த வாய் முதலில் என்று தயங்கி நிற்கும்.
அங்கேதான் எனக்கு வேலை.
மாதம் பதினோராயிரம். இலை எண்ணுவது.

பழுத்த இலை இருநூறு.
ஒவ்வொரு காம்பிலும் சிவப்பு நைலான் நூல் ஒரு முழம்,
நூல் நுனியில் நகமளவு அட்டை, அட்டையில் எண்.

பழுத்த இலை என்று சும்மா சொல்லிவிட முடியாது.
வேண்டியதையெல்லாம் திரும்ப உறிஞ்சிக்கொண்டு
கணக்கு முடித்துத்தான் மரம் கையை விடுகிறது.
நாக்கில் வைத்துப் பார்த்தேன்.
முதலில் உப்பு. நெடுநேரம் துவர்ப்பு.

வள்ளம் தள்ளுகிறவர் இஞ்ஞாசி கொரேரா.
"இலைக்கு நம்பர் போடுத ஆள இப்பத்தான் பாக்கேன் வடிவு.
ஓட்டு கீட்டு உண்டுமா இதுகளுக்கு?"

வத்தம் இறங்கியது.
சேறு கொஞ்ச நேரம் வெறுமனே மினுங்கியது.
பிறகு அதற்குக் கண் முளைத்தது,
ஆயிரம் கண், எல்லாம் காம்பின் மேல்.
நாற்பத்தேழாம் இலையை ஒரு நண்டு
கல்யாண வீட்டுப் பாயைச் சுருட்டிக்கொண்டு போகிறவன்போலப்
பின்பக்கமாக நடந்தே வளைக்குள் இழுத்தது.
பின்னாலேயே நூல் போனது.
பின்னாலேயே எண்.

என் தாளில் மூன்று கட்டம்:
வளைக்குள். சேற்றுக்குள். தண்ணீரோடு.
கூட்டினால் நூற்றுத் தொண்ணூற்றொன்று.
மறுபடி கூட்டினேன். நூற்றுத் தொண்ணூற்றொன்று.

வலைப்பையில் தைத்து முக்கிவைத்த இலை வேறு கதை.
பத்துக் கிராம் வைத்தேன்.
அறுபதாம் நாள் எடுத்துக் கழுவி உலர்த்தி நிறுத்தால் நாலு.
பையில் கிழிசல் இல்லை.
ஆறு கிராம் எந்த வழியாக வெளியேறியது?

வாய்க்கால் முகத்தில் தண்ணீரைக் கையில் அள்ளினேன்.
வரக்காப்பி நிறம்.
உள்ளே ஒரு இறால் குஞ்சு,
அதன் முதுகுக்குப் பின்னால் என் ரேகை தெரிந்தது.

கார்த்திகையில் மூன்று நாள் மழை.
ஸ்ரீவைகுண்டம் அணை தாண்டி ஆறு ஆளை மாற்றிக்கொண்டு வந்தது.
வாழைத்தண்டு, ஒற்றைச் செருப்பு,
குறுக்குத்துறையிலோ எங்கோ யாரோ விட்ட சாமந்தி மாலை,
பையும் நூலும் எண்ணும்
வருஷக்கணக்கில் ஊறிய கருஞ்சேற்றின் மேல்தோலும்
ஒரே ராத்திரியில் கடலுக்குப் போயின.
விடிந்து பார்த்தால்
கடலில் அரை மைல் தூரத்துக்கு ஒரு பழுப்புக் கோடு,
கோட்டின் மேல் பறவைகள்.

சார் போனில் சொன்னார்:
"அந்த வாரத்தை விட்டுரும்மா. அது கணக்கில் சேராது."
விட்டுவிட்டேன்.
மற்ற ஐம்பத்தொரு வாரமும் சேர்ந்து கொண்டுபோனதைவிட
அது கூடுதலாகக் கொண்டுபோயிருக்கும் என்று
சொல்ல வாய் வந்து, சொல்லவில்லை.

தை பிறந்து வாடை தணிந்த ஒரு காலை.
எட்டுப் பாகத்தில் விட்ட வலையை உதறியபோது
கண்ணியில் சிவப்பாக ஏதோ.
கொரேரா பிரித்துக் கொடுத்தார்.
நூற்று அறுபத்து மூன்று.
முடிச்சு அவிழவில்லை, நான் போட்ட அதே முடிச்சு.
முடிச்சுக்குள் ஒன்றுமே இல்லை.

எந்தக் கட்டத்தில் எழுத?
மூன்று கட்டத்துக்கும் வெளியே, ஓரத்தில்
பென்சிலால் குறித்தேன்.

கரையில் பிலோமியக்கா மடவை அரிந்துகொண்டிருந்தாள்.
வயிற்றைக் கீறினால் கரேலென்று சேறு.
விரலால் வழித்து எறிந்தாள், காக்கா வந்தது.
அதில் என் ஆறு கிராம் எவ்வளவு இருக்கும் என்று
கேட்கத்தான் குனிந்தேன்.

"என்ன வடிவு, எவ்வளவு போட?"

"அரைக்கிலோ," என்றேன்.
"தலையையும் சேத்து."