கழித்தது போக

மஞ்சக்குப்பம் கோர்ட்டுக்கு எதிரே
ஜெராக்ஸ் கடை வைத்திருப்பவன்
கணக்கில் கெட்டி என்று
எனக்கே ஒரு நினைப்பு.
உயில், வில்லங்கம், ஜாமீன் மனு,
ஊர்ச் சண்டை மொத்தமும்
பக்கத்துக்கு இரண்டு ரூபாயாக
என் கையைத் தாண்டித்தான் போகிறது.

மங்கைக்குப் பெங்களூரில் வேலை கிடைத்த இரவு
பிழையாய் விழுந்த தாள் ஒன்றின் பின்பக்கம் எடுத்து
நடுவில் கோடு கிழித்தேன்.

கடலூர்.
கம்பெனி லேபில் அவளுக்கு முப்பத்தாறாயிரம்.
கடையில் எனக்கு இருபத்திரண்டு.
(கோர்ட் மூடிக் கிடக்கும் மே மாதத்தை எழுதவில்லை.)
வாடகை ஏழு.
மீன் வாசலுக்கே வரும், கடனுக்கும் வரும்.

பெங்களூர்.
அவளுக்கு ஒரு லட்சத்துப் பத்து.
எனக்கு
என்ற இடத்தில் பேனா நின்றது.
ஒரு சைபர் போட்டேன்.
வட்டமாக வரவில்லை.
வாடகை முப்பத்தெட்டு,
மூன்றாம் மாடி, வெயில் விழாத பக்கம்,
அட்வான்ஸ் ஆறு மாதம்.
பள்ளிக்கூடத்துக்கு அவள் சிநேகிதி சொன்ன தொகையை
ஸ்பீக்கரில் போட்டு
இன்னொரு தடவை சொல்லச் சொன்னோம்.
வேன். மெயின்டெனன்ஸ். தண்ணி லாரி.
"தண்ணிக்குமா காசு?" என்று சிரித்தேன்.
"நாம கேன் வாங்கலையா?" என்றாள்.
நம் குழாயில் மஞ்சளாய் வரத் தொடங்கியது
எந்த வருஷம் என்று இருவரும் யோசித்தோம்.
அதற்குள் குக்கர் மூன்று விசில் அடித்துவிட்டது.

எல்லாம் கழித்தது போக
மாதம் முந்நூறு ரூபாய்
பெங்களூர் அதிகம்.

"முந்நூறு ரூபாய்க்கா மூட்டை கட்டுறது?"
ஜெயித்தவன் மாதிரி
பேனாவை மூடினேன்.

அவள் தாளைத் தன் பக்கம் திருப்பினாள்.
கடலூரின் கீழே எழுதத் தொடங்கினாள்,
குனிந்த தலை நிமிராமல்.
கெடிலம் வீட்டுக்குள் வந்துபோன டிசம்பரில் மெத்தை.
மிக்ஸி.
மூன்று வருஷம் கழித்து மறுபடி மெத்தை.
நாவுக்கரசுக்கு நெபுலைசர்,
ராத்திரி காற்று தெற்கே திரும்பி
அழுகிய முட்டை வாடை ஜன்னலில் ஏறும் நாட்களில்
அவனைத் தூக்கிக்கொண்டு ஓடிய ஆட்டோ,
மறுநாள் ஜிப்மருக்கு பஸ்,
அந்த லீவுகளுக்குச் சம்பளப் பிடித்தம்.
எல்லாவற்றுக்கும் அவளிடம் தேதி இருந்தது.
நான் அந்த ராத்திரிகளில்
ஜன்னலை மட்டும் சாத்தியிருக்கிறேன்.

பிறகு வலது பக்கம் போய்
எல்லா எண்ணுக்கும் கீழே ஒரு வரி:
'எனக்குப் பிடிச்சிருக்கு.'
"இதுக்கு எவ்வளவு போடலாம்?"

"இதையெல்லாம் ரூபாயில எப்படி மங்கை…"

"உன் சைபரை மட்டும் ரூபாயில போட்டியே."

அவ்வளவுதான். விளக்கை அணைத்தோம்.
மின்விசிறி நின்று நின்று சுற்றியது.
அவளும் தூங்கவில்லை,
முதுகைப் பார்த்தாலே தெரியும்.

காலையில் கரையேறவிட்டகுப்பத்திலிருந்து
ஒரு பையன் வந்து மெஷினைத் தட்டிப் பார்த்தான்.
மூடியைத் திறந்தான், டோனரை முகர்ந்தான்,
மாடு வாங்க வந்தவன் போல.
நாற்பது கேட்டேன்.
இருபத்தெட்டு என்றான்.
ஊர்ப் பெயருக்கு ஏற்ற மனசு இல்லை அவனுக்கு;
அந்த விலை யாரையும் கரையேற்றாது.
பார்க்கலாம் என்று அனுப்பினேன்.
வேண்டாம் என்று சொல்லவில்லை,
அதை அவன் கவனித்தான்.

பதினொரு மணிக்குக் கூட்டம்.
வக்கீல் குமாஸ்தாக்கள், பட்டாவோடு இரண்டு அண்ணன் தம்பிகள்,
ஒருவரை ஒருவர் பார்க்காமல் ஒரே வரிசையில்.
நீட்டிய கைகளுக்கு நடுவே
ஒரு கை நீட்டிய தாளை
முகம் பார்க்காமலே கண்ணாடியில் வைத்து மூடினேன்.
வெளிச்சம் ஓடித் திரும்பியது.
வெளியே வந்ததில் மேலே கம்பெனிச் சின்னம்,
கீழே மங்கையர்க்கரசி, பிறகு என் பெயர், கணவர் என்று.

"ரெண்டு காப்பி" என்றாள்.
பழக்கத்தில் வாய் சொல்லிவிட்டது:
"நாலு ரூபாய்."

பர்ஸைத் துழாவி
சில்லறையாக எண்ணி வைத்தாள்.
எந்தப் பக்கத்தில் எழுதுவதென்று தெரியாமல்
டப்பாவில் போட்டேன்.